எமது டீசல் வண்டியும் மின்சாரப் பம்பும்

எம் குடும்பத்திற்குரிய பழைய ஜீப் வண்டியின் டீசல் யந்திரத்திற்கு மின்சாரத்தால் இயங்கும் எண்ணெய்ப் பம்பு ஒன்றைப் பொருத்திய வரலாற்றை இவ்விதழின் வாயிலாக அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். புலவர் பெருமக்களின் நூலாராய்ச்சியும் பெரியோர் வாழ்க்கைக் குறிப்புகளும் இடம்பெறும் பக்கங்களில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு புகுவதற்கு யாம் சிறிது நாணுகின்றோம். ஆயினும், நம் மாணவருட் பலர் உழவும் வண்டித் தொழிலும் உடைய இல்லங்களினின்று வருபவராதலின், இப்பொருள் அவருள் ஒருவர்க்கேனும் பயன்படுதல் கூடும் என்னும் துணிவினால் எழுதலானோம். 'யாம்' என்றது ஈண்டு எழுத்தாளர் வழக்கில் வரும் பன்மையன்று. உடன்பிறந்தார் இருவரைக் குறிக்கும். மூத்தவர் அவ்வண்டியை ஓட்டுபவர். இளையவர் இக்கல்லூரியில் பௌதிகம் பயில்பவர். இக்கட்டுரையின் சொற்கள் இளையவருடையன. பொருளிற் பெரும்பகுதி மூத்தவருடையது.

எம் ஊர் கொடைக்கானலுக்கும் அப்பால், மேல்மலை என வழங்கும் பகுதியில் உள்ளது. பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும், பீன்சும் அங்கே விளைவன. அவற்றை மூட்டையாகக் கட்டி ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்கும் வத்தலக்குண்டிற்கும் இறக்குவதும், திரும்புகையில் உர மூட்டைகளையும் கடைச் சரக்கையும் ஏற்றி வருவதும் எம் வண்டியின் தொழில். இறங்குதல் எளிது, ஏறுதலே அரிது. மலையடிவாரத்திலிருந்து 2000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திற்குக் கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடந்து சுமையோடு ஏறல் வேண்டும். இவையன்றி, இரவிற் பேருந்து இல்லாத எம் ஊரில், நோயுற்றாரையும் பேறுகாலத்து மகளிரையும் கொடைக்கானல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் கடமையும் அவ்வண்டிக்கு வந்து வாய்த்தது. அதற்கு யாம் கூலி பேசியதில்லை. கொடுப்பார் கொடுப்பர்.

இத்தகைய வண்டி, ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பு, ஏற்றத்தில் நிற்கத் தொடங்கிற்று. சமதரையில் ஒரு குறையும் இல்லை. இறக்கத்தில் இல்லை. சுமையோடு ஏறும்போது மட்டும், முதலில் யந்திரத்தின் குரல் தளரும், பின்பு இருமுவது போல விட்டுவிட்டு ஓடும், பின்பு நின்றுவிடும். விடியற்காலையில் முதன்முறை கிளப்புவதும் வருத்தமாயிற்று. நெடுநேரம் சுழற்றினால்தான் உயிர் பெறும். இதில் ஒரு வியப்பு உண்டு: இரவில் வண்டியை மூக்குத் தாழ இறக்கத்தை நோக்கி நிறுத்தினால் மறுநாட் காலையில் உடனே கிளம்பும், மூக்கு நிமிர ஏற்றத்தை நோக்கி நிறுத்தினால் கிளம்பாது. இவ்வேறுபாட்டை முதலிற் கண்டவர் மூத்தவரே. நோயின் முழுக் குறியும் இதற்குள்ளேயே இருந்தது என்பது பின்னர்ப் புலனாயிற்று.

கார்த்திகை மழையில் ஓரிரவு, மூச்சுத்திணறலால் வருந்திய முதியவர் ஒருவரை ஏற்றிச் சென்றபோது வண்டி பாதி வழியில் நின்றது. பின்னால் வந்த காய்கறி லாரி ஒன்றில் அவரை மாற்றி ஏற்றினோம். அவர் பிழைத்தார், இன்றும் எம் தெருவில் நடமாடுகின்றார். ஆயினும் அன்றுமுதல் இரவில் எம் கதவைத் தட்டுவார் குறைந்தனர். எவரும் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். வண்டியை விற்றுவிடலாம் என்று தந்தையார் சொன்னது அதன் பின்னரே. வண்டி விற்கப்படின் மூத்தவருக்குத் தொழில் இல்லை. இளையவருக்குக் கல்லூரிக் கட்டணம் இல்லை. இதனைத் தந்தையார் அறியாதவரல்லர்.

நிற்க. எண்ணெய் செல்லும் வழியை ஒருமுறை சொல்லிவிட்டால் மேலே கூறுவன எளிதில் விளங்கும். டாங்கி வண்டியின் பின்புறத்தில் தாழ்ந்த இடத்தில் உள்ளது. அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் சட்டத்தை ஒட்டி முன்னோக்கி வருகின்றது. யந்திரத்தின் பக்கவாட்டில் 'பீட் பம்பு' என்னும் சிறு பம்பு ஒன்று உண்டு. யந்திரத்தின் உட்தண்டிலுள்ள மேடு இதன் கையை ஒவ்வொரு சுற்றிலும் தள்ள, உள்ளேயிருக்கும் ரப்பர்த் தகடு மேலும் கீழும் அசைந்து டாங்கியிலிருந்து எண்ணெயை இழுக்கின்றது. இழுத்த எண்ணெய் வடிகட்டிகளின் வழியே 'டீசல் பம்பு' என்று பட்டறையார் வழங்கும் பெரிய பம்பினுட் புகும். அப்பெரிய பம்பு ஒவ்வோர் உருளைக்கும் உரிய நேரத்தில் உரிய அளவை மிக்க அமுக்கத்தோடு நாசிலுக்கு அனுப்பும். நாசில் திறத்தற்கு, இத்தகைய பழைய யந்திரங்களில், வாயுமண்டல அமுக்கத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் வேண்டும்.

இங்கேதான் காற்று பகையாகின்றது. திரவத்தை அமுக்கினால் அது சுருங்குவது மிகச் சிறிது. அமுக்கம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். எண்ணெயோடு காற்றுக் குமிழி ஒன்று கலந்துவிட்டால், பம்பு எவ்வளவு தள்ளினும் குமிழி சுருங்கி விரிந்துகொண்டிருக்குமேயன்றி நாசில் திறவாது. பெட்ரோல் வண்டியின் கார்புரேட்டரில் ஒரு குமிழி வந்தால் அது மேலெழுந்து ஒழிந்துபோம். டீசல் யந்திரம் அதனைப் பொறுக்காது. இதனையே வண்டிக்காரர் 'ஏர் பிடித்துக்கொண்டது' என்பர். ருடால்ப் டீசல் என்பார் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் வெற்றியுடன் ஓட்டிக்காட்டிய யந்திரத்தில், அமுக்கிய காற்றைக்கொண்டே எண்ணெயை உருளையினுள் ஊதினர் என்பது நினைக்கத் தக்கது. அக்காலத்தில் எண்ணெய்க்குக் காற்றே ஊர்தியாயிருந்தது. காற்றின் உதவியின்றி எண்ணெயை நேரே தள்ளும் சிறுபம்புகளை ராபர்ட் பாஷ் நிறுவனத்தார் 1927-இல் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கினர். அதன் பின்னரே டீசல் யந்திரம் சிறு வண்டிகளிற் புகுதல் எளிதாயிற்று. அன்றுதொட்டு ஊர்தியாயிருந்த காற்று பகையுமாயிற்று.

எம் வண்டியைக் கண்ட பட்டறை ஒன்றில், டீசல் பம்பையே பிரித்துப் புதுப்பித்தல் வேண்டும் என்றனர். அதற்குச் சொன்ன தொகை எம் இரண்டு மாத வருவாயை விழுங்கத் தக்கது. மற்றொருவர், மலைமேற் காற்று மெலிந்தது. ஆதலால் பீட் பம்பினால் இழுக்க இயலவில்லை. மின்சாரப் பம்பு ஒன்றை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்றார். பின்னவர் கூற்று இளையவருக்குப் பெரிதும் இனித்தது. ஏனெனின், அது பௌதிகம் போன்று ஒலித்தது.

பம்பு இழுக்கின்றது என்று நாம் சொல்லினும், உண்மையில் எண்ணெயை மேலே ஏற்றுவது வாயுமண்டலத்தின் அமுக்கமே. பம்பு தன்னுள் அமுக்கத்தைக் குறைக்கின்றது. டாங்கியில் உள்ள எண்ணெயின் மேல் நிற்கும் காற்று அதனைத் தள்ளுகின்றது. நீரிறைக்கும் பம்பு ஓர் எல்லைக்கு மேல் நீரை ஏற்றாமையைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலிற் குறித்தார். அவர் மாணவராகிய டாரிசெல்லி 1643-இல் பாதரசத்தைக் கொண்டு காற்றின் பாரத்தை விளக்கினார். கடல்மட்டத்தில் அவ்வெல்லை நீருக்கு ஏறக்குறைய 10 மீட்டர். நீரினும் இலேசான டீசல் எண்ணெய்க்கு 12 மீட்டர். கொடைக்கானல் உயரத்திற் காற்றமுக்கம் கடல்மட்டத்து அமுக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவு. ஆகவே அங்கே எல்லை ஒன்பது மீட்டருக்கு மேலாகவே இருக்கும். எம் டாங்கியின் அடிக்கும் பீட் பம்பிற்கும் உள்ள உயர வேறுபாடோ, வண்டி செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு நிமிர்ந்து நிற்கும்போதும், ஒரு மீட்டரைத் தாண்டாது. ஒன்பது மீட்டர் ஏற்ற வல்ல காற்று ஒரு மீட்டர் ஏற்ற மாட்டாது என்பது பொருந்துமோ? இக்கணக்கைத் தாளின் ஓரத்திற் போட்டு முடித்தபோது மலைக்காற்று குற்றமற்றதாயிற்று. மூத்தவர் கணக்கைப் பார்த்திலர். "போன ஆண்டும் இதே மலைதானே இருந்தது?" என்று ஒரு சொல்லில் அதனை முடித்தார்.

அதன்மேல் வத்தலக்குண்டில் லாரிகளையே பழுதுபார்த்து முதிர்ந்த ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். அவரை யாம் அண்ணன் என்றே அழைப்பது. அவர் எதையும் பிரிக்கவில்லை. ஒரு தகரத்தில் டீசல் எண்ணெய் ஊற்றி, அதனை யந்திரத்திற்கு மேலாகக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு ரப்பர்க் குழாயை நேரே வடிகட்டிக்குக் கொடுத்தார். டாங்கியும் நெடுங்குழாயும் பீட் பம்பும் விலக்கப்பட்டன. அந்நிலையில் வண்டியை அடிவாரத்து ஏற்றத்தில் ஓட்டச் செய்தார். வண்டி ஒருமுறையேனும் இருமவில்லை. "தம்பி, பெரிய பம்பைத் தொடாதீங்க. அது நல்லாயிருக்கு. காத்து பின்னாலேருந்து வருது" என்றார். அடுத்து, தகரத்தை அகற்றிப் பழையபடி இணைத்து, வடிகட்டிக்கும் டீசல் பம்பிற்கும் இடையே ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றை வைத்தார். ஏற்றத்தில் அதனுள்ளே கடுகு போன்ற குமிழிகள் வரிசையாக ஓடின. இரண்டு சோதனைக்கும் ஆன செலவு, தேநீரையும் சேர்த்து, நூறு ரூபாய்க்குள் அடங்கிற்று. மாதக்கணக்கில் விளங்காத ஒன்று அரைநாளில் விளங்கியதை எண்ணும்போது, தொழிலறிவு என்பது எத்துணைச் சிறந்த ஆராய்ச்சி முறை என்று யாம் வியந்தோம்.

காற்று எவ்வழியே நுழைகின்றது என்பதே எஞ்சிய வினா. இழுக்கப்படும் குழாயினுள் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தினும் குறைவு. ஆதலின் அக்குழாயில் ஓர் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது. காற்றுத்தான் உள்ளே புகும். வெளியே பார்ப்பவனுக்கு எல்லாம் உலர்ந்து செவ்வையாகவே தோன்றும். வண்டி நின்றபின், அவ்வோட்டை வழியே காற்றுப் புக, குழாயிலுள்ள எண்ணெய் தாழ்ந்த டாங்கிக்கு வழிந்து திரும்பிவிடும். அதனாலேயே காலையில் கிளம்பாமை. மூக்குத் தாழ நிறுத்தினால் டாங்கி மேலாகி எண்ணெய் திரும்பாது நிற்கும், அதனாலேயே கிளம்புதல். ரப்பர்க் குழாய்களை மாற்றினோம். பூட்டுகளிலிருந்த செம்பு வாஷர்களைப் புதியனவாக இட்டோம். பீட் பம்பின் ரப்பர்த் தகட்டையும் மாற்றினோம். குமிழிகள் குறைந்தன; ஒழிந்தபாடில்லை. சைக்கிள் பம்பினாற் குழாயினுள் காற்றூதிச் சோப்பு நீர் தடவிப் பார்த்தல் நன்முறையே. ஆயினும் சட்டத்தின் மேற்புறத்தே மறைந்து செல்லும் குழாயிற் சோப்பு நீர் தடவக் கையும் புகவில்லை, கண்ணும் புகவில்லை.

இந்நிலையிலேதான் மின்சாரப் பம்பைப் பற்றி மீண்டும் எண்ணினோம். முன்பு அதனை மருந்தாகக் கூறினர். இப்போது யாம் அதனை விளக்காகக் கருதினோம். பம்பை டாங்கியின் அருகே வைத்தால் நெடுங்குழாய் முழுவதும் இழுக்கப்படும் குழாயாக இராது. தள்ளப்படும் குழாயாக மாறும். உள்ளே புகுந்த காற்றுக்கு வாயில் அடைபடும். அவ்வாயில் வழியே எண்ணெய் வெளிப்பட்டுத் தன் இருப்பைத் தானே காட்டும்.

பம்பை எங்கே வைப்பது என்பது சிறு செய்தியன்று. அமெரிக்க நாட்டில் 1998-ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடங்கி 2002 வரையில் விற்கப்பட்ட டாட்ஜ் பார வண்டிகளின் கம்மின்ஸ் யந்திரத்தில், மின்சார எண்ணெய்ப் பம்பு யந்திரத்தோடு சேர்ந்தே பொருத்தப்பட்டிருந்தது. அஃது நெடுந்தொலைவு இழுத்தல் வேண்டியதாயிற்று. யந்திரத்தின் அதிர்ச்சிக்கும் ஆளாயிற்று. அப்பம்புகள் பல தளர்ந்து கெட்டன. அவ்வண்டிகளின் டீசல் பம்பு, தன்னூடே ஓடும் எண்ணெயையே குளிர்ச்சிக்கும் வழுவழுப்புக்கும் நம்பியிருப்பது. எண்ணெய் குன்றவே அதுவும் அழிந்தது. அதன்பின் வண்டிக்காரர் பலர் புதிய பம்பைப் பின்னே டாங்கியின் பக்கத்திற் கொண்டுபோய் வைத்துக்கொண்டனர். மின்சாரப் பம்புகள் தள்ளுவதில் வல்லன, இழுப்பதில் எளியன. ஆகவே டாங்கிக்கு அருகில், கூடுமாயின் எண்ணெயின் மட்டத்தினும் தாழ்வாக, கல் தெறியாத மறைவிடத்தில் வைத்தல் வேண்டும். பம்பிற்கு முன்னே ஒரு சல்லடை வடிகட்டியும் வேண்டும். டாங்கியின் அடியிற் படிந்த துருத்துகள் பம்பினுட் சென்றால் அதன் நாக்குகள் மூடாமற் போம்.

அமுக்கத்தின் அளவைப் பற்றியும் ஒரு சொல். கடையில் மின்சாரப் பம்பு என்று கேட்டால் பலவகை தருவர். இக்காலத்துப் பெட்ரோல் வண்டிகளின் டாங்கிக்குள் இருப்பவை சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டுக்கு மேலும் தள்ளும். அத்தகையதைப் பழைய டீசல் பம்பிற்குக் கொடுத்தல் கேடு விளைவிக்கும். அப்பம்பின் முத்திரைகள் மிகுந்த அமுக்கத்தைத் தாங்கா. அன்றியும், எம்முடையது போன்ற சுழல்வகைப் பம்பிற் பம்பின் உள்ளமுக்கத்தைக்கொண்டே எண்ணெய் தெளிக்கப்படும் நேரம் முந்துவதும் பிந்துவதும் அமைகின்றன. அவ்வமுக்கத்தோடு விளையாடுதல் தகாது. பீட் பம்பு தருவதை ஒத்த, சதுர அங்குலத்திற்கு 5 பவுண்டு அளவில் நிற்கும் பம்பே போதும். டீசல் எண்ணெயைத் தாங்கும் ரப்பர் உடையதா என்பதையும் கேட்டறிதல் நன்று. யாம் வாங்கியது கைக்கடக்கமான ஒரு பெட்டி. உள்ளே மின்காந்தம் ஒரு தண்டினை முன்னும் பின்னும் இழுக்க, 'டக் டக்' என்று ஒலித்துக்கொண்டே இயங்குவது. 12 வோல்ட்டு மின்சாரத்தில் ஓரிரண்டு ஆம்பியருக்கு மேல் உண்ணாது.

மின்கம்பி இணைப்பில் எம்மிருவருக்கும் நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. எம் பழைய யந்திரத்திற்கு ஒரு பெருமை உண்டு. கிளம்பும்வரை பாட்டரி வேண்டும். கிளம்பியபின் ஒரு துளி மின்சாரமும் வேண்டா. பாட்டரியைக் கழற்றி எறிந்தாலும் எண்ணெய் உள்ளவரை ஓடும். நிறுத்துதற்கும் ஒரு கம்பியை இழுத்தாற் போதும். அத்தகைய யந்திரத்தை ஒரு மின்கம்பிக்கு அடிமையாக்குதல் முறையோ என்றார் மூத்தவர். அவர் கூற்று நியாயமானது. ஆதலின் பீட் பம்பை அகற்றாது அதன் இடத்திலேயே விட்டோம். மின்சாரப் பம்பு தள்ளும் எண்ணெய் பீட் பம்பின் நாக்குகளைத் திறந்துகொண்டு செல்லும். மின்சாரம் அற்றால், நின்றுபோன மின்சாரப் பம்பின் ஊடாகவே பீட் பம்பு இழுத்துக்கொள்ளும். எல்லா மின்சாரப் பம்புகளும் இவ்வாறு வழிவிடா. எம்முடையது விடுகின்றதா என்று கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தே உறுதி செய்தோம். வழிவிடாத பம்பாயின், ஒருபுறமே திறக்கும் நாக்குடைய கிளைக்குழாய் ஒன்றைப் பக்கத்தில் அமைத்தல் வேண்டும்.

இவ்வமைப்பில் ஓர் ஆபத்து உண்டு. அதனை அழுத்திச் சொல்லுதல் கடமை. பீட் பம்பின் ரப்பர்த் தகடு கிழிந்திருந்தால், மின்சாரப் பம்பு தள்ளும் டீசல் அக்கிழிசல் வழியே யந்திரத்தின் அடித்தொட்டியிலுள்ள மசகெண்ணெயோடு கலக்கும். மசகெண்ணெய் நீர்த்துப்போம், தாங்கிகள் தேயும், மட்டம் மிக ஏறினால் யந்திரம் அவ்வெண்ணெயையே உண்டு கட்டுக்கடங்காது ஓடுதலும் கூடும். தகட்டை முன்னரே புதிதாக மாற்றியிருந்தோம் எனினும், நாள்தோறும் அளவுகோலை இழுத்து மட்டம் பார்ப்பது எம் வழக்கமாயிற்று. மட்டம் குறைந்தால் மட்டுமன்று, ஏறினாலும் அஞ்சுதல் வேண்டும்.

மற்றோர் ஆபத்து, வண்டி கவிழ்ந்தாலும் மின்சாரப் பம்பு தன்பாட்டில் எண்ணெயைத் தள்ளிக்கொண்டிருத்தல். சாவியைத் திருப்புவார் நினைவோடு இருப்பர் என்பது என்ன நிச்சயம்? ஆதலால் மின்சாரத்தை மசகெண்ணெயின் அமுக்கத்தால் மூடும் ஸ்விட்சின் வழியே செலுத்தினோம். யந்திரம் நின்றால் அவ்வமுக்கம் வீழும், பம்பும் நிற்கும். கிளப்புவதற்கு முன்பு குழாயை நிரப்ப வேண்டின், அழுத்தும் வரை மட்டும் வேலை செய்யும் பொத்தான் ஒன்று தனியே உள்ளது. இடையில் ஒரு ரிலேயும், பாட்டரியின் அருகே 5 ஆம்பியர் பியூசும் வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வேலை முடிந்தது. மூத்தவர் வண்டியின் அடியிற் கிடக்க, இளையவர் பொத்தானை அழுத்தினார். வெறுங்குழாயில் முதலில் பம்பு விரைந்து ஒலித்தது. எண்ணெய் நிரம்ப நிரம்ப ஒலி தாழ்ந்து, விட்டுவிட்டு ஒலிப்பதாயிற்று. இப்பம்பின் நற்பண்புகளுள் இஃது ஒன்று. எதிரே அமுக்கம் எழுந்தால் தானே மெதுவாகும். காது பழகிவிட்டால் அளவுமானி வேண்டா. சில நிமிடங்கள் சென்றன. "இங்கே ஈரம்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. சட்டத்தின் நடுப்பகுதியில், குழாயைப் பிடித்து நிற்கும் தகட்டுப் பட்டை ஒன்றின் ஓரத்தில், சேறும் எண்ணெய்ப் பிசுக்குமாய் இறுகியிருந்த இடத்தில், ஒரு மினுமினுப்பு. துடைத்தால் மீண்டும் தோன்றிற்று. பிசுக்கைச் சுரண்டிப் பட்டையைக் கழற்றினோம். பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த ரப்பர் எந்நாளோ உதிர்ந்துபோயிருந்தது. பல்லாண்டு இரும்போடு இரும்பு உராய்ந்து, குழாய் தாள்போல் மெலிந்து, ஊசிமுனையினும் நுண்ணிய துளை ஒன்று விழுந்திருந்தது. சமதரையில் பிசுக்கே அதற்குத் தக்கையாயிருந்தது போலும். சுமையோடு ஏறுகையில் சட்டம் முறுக்கிக்கொள்ளவும், யந்திரம் மிகுதியான எண்ணெயை இழுக்கவும், தக்கை வாய் திறந்தது. முதியவர் ஒருவரை மழையில் லாரிக்கு மாற்றி ஏற்றச் செய்தது இத்துளையே.

குழாயைப் புதிதாக இட்டோம். பட்டைகள் தோறும் ரப்பர் வைத்தோம். பின்பு மின்சாரப் பம்பை நிறுத்திவிட்டு, பழைய பீட் பம்பு ஒன்றையே கொண்டு, இருபது மூட்டை உரத்தோடு அடிவாரத்திலிருந்து ஏறினோம். ஒளிக்குழாயில் ஒரு குமிழியும் இல்லை. வண்டி எங்கும் தளரவில்லை.

அங்ஙனமாயின் மின்சாரப் பம்பு இனி எதற்கு? இவ்வினா எம்மிடையே இன்றும் தீர்ந்தபாடில்லை. மூத்தவர் இப்போது அதனை விட மறுக்கின்றார். வடிகட்டி மாற்றும்போதெல்லாம் முன்பு அவர் பட்ட பாடு பெரிது. காற்றுத் திருகைத் தளர்த்தி, பீட் பம்பின் சிறு கைப்பிடியைக் குனிந்து நின்று ஐம்பது, அறுபது முறை அழுத்தல் வேண்டும். உட்தண்டின் மேடு உச்சியில் நின்றுவிட்டால் கைப்பிடி தொளதொளத்துப் பயன்படாது போம். யந்திரத்தைச் சிறிது திருப்பிவைத்து மீண்டும் தொடங்கல் வேண்டும். இப்போது பொத்தானை அழுத்தினால் நுரை வந்து, பின்பு தெளிந்த எண்ணெய் வந்து, அரை நிமிடத்தில் வேலை முடிகின்றது. அன்றியும் சந்தைக்குப் புறப்படும் விடியற்குளிரில் விரல் மரத்திருக்கும்போது அப்பொத்தானின் அருமை கல்லூரி விடுதியில் உறங்குவார்க்குத் தெரியாது என்பர் அவர்.

இளையவர் கருத்து வேறு. பம்பு தள்ளிக்கொண்டேயிருந்தால், அடைபட்டுவரும் வடிகட்டியும் தளர்ந்துவரும் பீட் பம்பும் தம் குறையைக் காட்டா. ஒருநாள் மின்சாரம் அற்றபோது எல்லாம் ஒருங்கே வெளிப்படும். அந்நாள் எவரை ஏற்றிச் செல்லும் நாளாக இருக்குமோ, யார் அறிவார்? ஆதலின் திங்கள்தோறும் ஒருமுறை, மூட்டை மட்டும் உள்ள நாளில், மின்சாரப் பம்பை நிறுத்தி மலையேறிப் பார்த்தல் வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். இதுவரை மூத்தவர் அதனைத் தவறாது காத்துவருகின்றார். சோதனை நாளை நாட்காட்டியிற் சிவப்பு மையாற் குறித்து வைப்பவர் தந்தையார். வண்டியை விற்பது பற்றி அவர் பின்னர்ப் பேசவில்லை.

வத்தலக்குண்டு அண்ணனிடம் இச்செய்தியைச் சொன்னபோது அவர் மகிழ்ந்தாரேயன்றி வியந்திலர். தம் பட்டறைக்கு அதுபோன்ற பம்பு ஒன்றை வாங்கி, இரண்டு முழ ரப்பர்க் குழாயும் கம்பியும் கோத்து, எந்த வண்டிக்கும் ஒருமணி நேரம் மாட்டிப் பார்க்கும் கருவியாகச் செய்து வைத்துள்ளார்.

துளை விழுந்த குழாயின் ஒரு சாண் துண்டு நம் பௌதிகச் சோதனைச்சாலையில், பாரமானிக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கின்றது. வெறுங்கண்ணுக்குத் துளை தெரியாது. ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி ஊதிக்கொண்டே நீர்த்தொட்டியில் அமிழ்த்தினால், குமிழி எழும் இடத்தைக் காணலாம்.